என் தங்கை எங்கிருந்து எடுத்தாள்

என் தங்கை பூர்ணிமா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில், குதிகாலில் ஆறாத புண்ணோடு ஓடி, ஒன்றிய அளவில் நீளம் தாண்டுதலில் முதல் பரிசு. பன்னிரண்டாம் வகுப்பில், பொதுத்தேர்வுக்குப் பதினோரு நாள் முன்பு அப்பா இறந்துபோயும், முதல் முறையிலேயே தேர்ச்சி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் முப்பத்தெட்டுப் பெண்களைச் சேர்த்து மனு கொடுத்து, கம்பெனி பஸ்ஸை எங்கள் ஊர் வடக்குப்பட்டுக் கூட்ரோட்டில் நிற்கவைத்தாள். அதுவரை ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தார்கள். நான்காவதாக, ஒரு பதிப்பகம் அவளைப் பற்றி எழுதிய ஒரு வாக்கியத்தை அந்தப் பதிப்பகமே திரும்பப் பெறும்படி செய்தாள்.

முதல் மூன்றைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான்காவதைப் பற்றித்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பூர்ணிமா வெளிநாட்டுக் கதையைக் காப்பி அடித்து மாட்டிக்கொண்டாள் என்றும், பிறகு அழுது சமாளித்தாள் என்றும் பக்கத்து ஊர் பென்னலூர் வரைக்கும் பேச்சு. அவள் காப்பி அடிக்கவில்லை. அழவும் இல்லை. நடந்தது இதுதான்.

அவள் வேலை செய்வது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். தூசு நுழையக் கூடாத அறை. உள்ளே போகுமுன் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போட்டு, முகத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். கண் மட்டும் தெரியும். இருநூறு பெண்கள், இருநூறு ஜோடிக் கண்கள். யார் யார் என்று தெரியாததால் மார்பில் இருக்கும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் எண் 4471. வேலை முடிந்ததும் வெளியே நிரப்பும் தாளிலும் அந்த எண்ணைத்தான் போடுவாள். ஊருக்காகக் கொடுத்த அந்த பஸ் மனுவில்கூட 4471 என்றுதான் இருக்கிறது. வங்கியில் கேட்டால், ஏகாம்பரம் மகள் பூர்ணிமா என்பதை இரண்டு ஆங்கில எழுத்தாகக் கிறுக்கிவிட்டு வருவாள். தன் பெயரை முழுதாக எழுதி அதைக் கையெழுத்து என்று அவள் வைத்ததே இல்லை.

அந்த அறைக்குள் காகிதம், பேனா, போன் எதுவும் கூடாது. அதனால் கதையை மனத்திலேயே கட்டுவாள். கட்டியதை பஸ்ஸில் பக்கத்து இருக்கை மெர்சிக்குச் சொல்லுவாள். மெர்சி வள்ளியூர்க்காரி, குன்றத்தூரில் விடுதியில் இருக்கிறாள். அன்றைய பகுதி சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிடுவாள். மெர்சி தூங்காத பகுதிகளை மட்டும் பூர்ணிமா ஞாயிற்றுக்கிழமை நோட்டில் எழுதுவாள். இப்படி இரண்டு வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது.

கதை சிறுவர்களுக்கானது. கண்மணி என்ற பதினொரு வயதுப் பெண். அவள் அம்மா வேலைக்குப் போய் மூன்று நாளாக வீடு திரும்பவில்லை. தேடிப் போகிற கண்மணி, கார்டு தேய்க்கும் கதவு வழியாகத் தொழிற்சாலைக்குள் நுழைகிறாள். உள்ளே எல்லோரும் வெள்ளை அங்கி. எதிரிலேயே அம்மா நிற்கிறாள், ஆனால் எது அம்மா என்று தெரியவில்லை. அம்மாவுக்கும் மகளைத் தெரியவில்லை, தன் பெயரே மறந்துவிட்டது. தொழிற்சாலைக்கு அடியில், மண் போட்டு மூடிய பழைய ஏரி இன்னும் இருக்கிறது. மேலே மறந்துபோன பெயர்கள் எல்லாம் அதில் மீனாக நீந்துகின்றன. அங்கே காவல் இருக்கும் கொக்கு வாயைத் திறந்தால் பொய். அந்தப் பொய்யை எல்லாம் தாண்டி, அம்மாவின் பெயரைக் கண்மணி கையால் பிடிக்க வேண்டும்.

இதை நான் நான்கு முறை படித்திருக்கிறேன். நான் பத்தாவதும் ஐடிஐயும்தான். ஆனாலும் எது நல்ல பொருள், எது கெட்ட பொருள் என்று பார்ப்பதுதான் பதினாறு வருடமாக என் வேலை.

சென்னையில் ஒரு பதிப்பகம் சிறுவர் மாயக்கதைகளுக்குப் போட்டி வைத்தது. முதல் பரிசுக் கதையைப் புத்தகமாகப் போடுவார்கள். விண்ணப்பத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி: ‘இக்கதையும் இதில் உள்ள அனைத்தும் முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனையே.’ அதற்குக் கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு. பூர்ணிமா அங்கேயே நின்றுவிட்டாள்.

“இதுல போட்டா பொய்யாயிடும்ணா” என்றாள். “கொக்கு பேசறது நானா கண்டுபுடிச்சேன்? அது எந்தக் காலத்துலேர்ந்தோ பேசிகினு கீது.”

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் கம்பெனி ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்வது. வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிப்பது என் பிரிவு. எந்தப் பெட்டி வந்தாலும் கூடவே ஒரு தாள் வர வேண்டும். என்ன பொருள், எங்கிருந்து வந்தது, நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்த இரண்டே காலம். அந்தத் தாள் இல்லாத சரக்கைத்தான் நாங்கள் சந்தேகப்படுவோம். தாள் சரியாக இருந்தால் சரக்குக்குச் சொந்தக்காரன் யோக்கியன் என்று அர்த்தம். அதே மாதிரி ஒரு தாள் இணைத்துவிடு, பொய் சொன்னதாக ஆகாது என்று அவளுக்குச் சொன்னேன். நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பேசும் பறவை: கிராமத்துக் கதைகள். மறைக்கும் அங்கி: டிவியில் பார்த்த வெளிநாட்டுப் படம். மீனுக்குள் பெயர்: ஏழு கடலுக்கு அப்பால் கிளிக்குள் உயிரை வைத்த கதை. இப்படிப் பன்னிரண்டு வரி. கையெழுத்துக் கோட்டில் அவள் வழக்கம்போல 4471 என்று எழுதினாள். பெயரை விண்ணப்பத்தின் மேலே நான் எழுதினேன். நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, எல்லாவற்றையும் பிப்ரவரி 26ஆம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

ஜூன் 12ஆம் தேதி பதில் வந்தது. அப்படியே தருகிறேன்: ‘தாங்களே இணைத்துள்ள பட்டியலின்படி பன்னிரண்டு அம்சங்கள் பிறரிடமிருந்து எடுக்கப்பட்டவை. இக்கதை பிற கதைகளின் நகல். எனவே நிராகரிக்கப்படுகிறது.’ கீழே நடுவர் செந்தமிழன் என்று கையெழுத்து.

இவ்வளவு ஒழுங்காக எழுதிக் கொடுத்ததை வாக்குமூலமாக எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தொழிலில் அப்படி ஒருவரும் செய்ய மாட்டார்கள். மறைத்தவனை விட்டுவிட்டுச் சொன்னவளைப் பிடித்திருக்கிறார்கள்.

பூர்ணிமா கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் மெர்சி அதை வாங்கி இரண்டு முறை படித்தாளாம்.

“ஏட்டி, கடையில வாங்குன கடுகப் போட்டுத்தான கொழம்பு வைக்கோம்? அதுக்காவ கொழம்பு கடைக்காரனுக்கா?” என்று கேட்டாளாம். “அந்த நடுவரு வீட்டுல கடுகையும் அவரே வெளைய வைக்காராக்கும்.” அன்று பஸ் முழுக்கச் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு சேர்ந்துதான் விஷயம் பென்னலூர் வரை போனது, கடுகை விட்டுவிட்டு ‘நகல்’ மட்டும்.

அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் கதை சொல்லவில்லை. மெர்சி கேட்டாலும் தலை வலிக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை நோட்டு அலமாரியிலேயே இருந்தது. என் வயிற்றெரிச்சல் முழுக்க இதுதான். பரிசு போனால் போகட்டும். இரண்டு வருடம் ஓடிய ஒன்றை ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை நடுவில் பரிசு பெற்ற கதை புத்தகமாக வந்தது. வாங்கிப் பென்சிலோடு உட்கார்ந்தேன். பெற்றோர் இல்லாத பையன். மந்திரம் சொல்லித்தரும் பள்ளி. பேசும் பறவை. மறைக்கும் போர்வை. எண்ணிப் பார்த்தால் பதினான்கு. எங்களைவிட இரண்டு அதிகம். அதை எழுதியவர் அந்த உறுதிமொழியில் மனம் கூசாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கதை மோசம் என்று சொல்ல மாட்டேன், படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் அவர் எடுத்தால் மரபாம், வடக்குப்பட்டுப் பெண் எடுத்தால் நகலாம். பதினான்கையும் வரிசையாக எழுதிப் புகார்க் கடிதம் தயார் செய்தேன். பூர்ணிமா அதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“அவர இன்னாத்துக்கு இழுக்கற?” என்றாள். “எடுக்கறது தப்பு இல்லன்னு சொல்லத்தான நாம போவணும். அவரும் எடுத்தாருன்னு காட்டி ஜெயிச்சா, அந்த லெட்டரு சரின்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்.”

 அவள் என் பழைய பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கினாள்.

“தப்பு இங்க கீதுண்ணா. உன் ஷீட்ல ஒரு காலம் கொறயுது. உன் கம்பெனிக்கு ராடு ஒரு ஊர்லேர்ந்து வருது, போல்ட்டு ஒரு ஊர்லேர்ந்து வருது. வெளில போறப்போ உங்க கம்பெனி பேர்லதான போவுது? நடுவுல இன்னா நடந்துச்சுன்னு நீ எழுதவே இல்ல.”

மூன்றாவது காலத்தை அவளே கோடு போட்டு அவளே எழுதினாள். தலைப்பு: ‘என்னிடம் வந்த பிறகு என்ன ஆனது.’ அதை முடிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நோட்டு மறுபடியும் அலமாரியை விட்டு வெளியே வந்தது.

ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, இருவரும் விடுப்புப் போட்டுவிட்டுப் பதிப்பகத்துக்குப் போனோம். பதிப்பாசிரியர் இசைவாணி என்ற அம்மாள் உட்காரச் சொன்னார். நடுவர் செந்தமிழனும் அன்று அங்கே இருந்தார். முடிவு மாற்றப்பட மாட்டாது என்பதை நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். முடிவை மாற்ற வரவில்லை, ‘நகல்’ என்ற வாக்கியத்தை எடுக்கச் சொல்ல வந்தோம் என்றாள் பூர்ணிமா. அவர் எங்கள் பழைய பட்டியலை மேஜையில் தட்டிக் காட்டினார்.

“இதோ நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா, மறைக்கும் அங்கின்னு. அந்தப் பொண்ணு அங்கியப் போட்டுக்கறா, மறைஞ்சு போறா, அம்மாவக் காப்பாத்தறா. இது எத்தனை கதையில வந்தாச்சு?”

“கண்மணி அங்கியப் போடவே இல்ல சார்” என்றாள் அவள். “கடைசி வரைக்கும் போட மாட்டேங்கறா. அவ மட்டும்தான் போடாதவ.”

அவர் பட்டியலைப் பார்த்தார். பிறகு, கொக்கு வழிகாட்டுவதும் பழசுதான் என்றார்.

“அது வழி காட்டல சார். பொய் சொல்லுது.” அவள் குரலை உயர்த்தவில்லை. “மறைக்கிற அங்கிய எங்கேர்ந்து எடுத்தேன்னு எழுதியிருக்கேன். மாட்டிகினவங்க மறையல, அப்படியே நிக்கறாங்க, ஆனா யாருன்னு யாருக்கும் தெரியலன்னு எழுதுனேனே, அத எங்கேர்ந்து எடுத்தேன், நீங்க சொல்லுங்க. நான் தினமும் எட்டு மணி நேரம் அதப் போட்டுகினு நிக்கறேன்.”

இசைவாணி அம்மாள் நடுவரிடம், கதையைப் படித்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார். இருநூற்றுப் பதினேழு கதைகள் வந்தன, பட்டியல் இணைத்திருந்ததால் அதை வைத்து முடிவு செய்தேன் என்றார் அவர். கோபம்கூட இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தாளைப் படித்துவிட்டு, என் தங்கையின் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தைத் திறக்காமலே நகல் என்று எழுதியிருக்கிறார். சரக்கைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து நான் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவரை யார் அனுப்புவது?

இசைவாணி அம்மாள் நோட்டையும் புதுப் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டார். செப்டம்பரில் இரண்டு வரிக் கடிதம் வந்தது. ‘பிற கதைகளின் நகல் என்ற வாக்கியம் தவறாக எழுதப்பட்டது. அதைத் திரும்பப் பெறுகிறோம்.’ அந்தக் கடிதத்தின் பிரதியை வேண்டுமானால் யாரும் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். பென்னலூர்க்காரர்களும் வரலாம்.

அக்டோபரில் இன்னொரு தபால். போட்டிக்கு வெளியே, தனிப் புத்தகமாகக் கதையை வெளியிட விரும்புகிறார்கள். கூடவே ஒப்பந்தம். அதன் கடைசியிலும் அதே உறுதிமொழி: முழுக்க முழுக்க சொந்தக் கற்பனை. பூர்ணிமா அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளாதே என்று நானே சொன்னேன். பைத்தியமாட்டி உனக்கு என்று மெர்சி இரண்டு நாள் பேசவில்லை. பூர்ணிமா அசையவில்லை. மூன்று காலப் பட்டியலையும் புத்தகத்தின் கடைசியில் அச்சடிக்க வேண்டும் என்று வேறு எழுதினாள்.

ஐந்து வாரம் எந்தப் பதிலும் இல்லை. ஆனால் அந்த ஐந்து வாரமும் பஸ்ஸில் புதுக் கதை ஓடியது.

நவம்பரில் இசைவாணி அம்மாள் நேரில் வரச் சொன்னார். பட்டியலை அச்சடிக்க ஒப்புக்கொண்டார். உறுதிமொழியை அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தார்: ‘இக்கதையில் நான் எடுத்தவை பட்டியலில் உள்ளன. அவற்றை இக்கதையாக்கியது நான்.’ பூர்ணிமா ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். பேனாவை வாங்கி முதலில் ஒரு நான்கு போட்டாள். உடனே அதை அடித்தாள். அடித்த நான்குக்குப் பக்கத்தில், ஒவ்வோர் எழுத்தாக, ஏ. பூர்ணிமா என்று எழுதினாள். அதற்குக் கீழே தேதி: 18.11.2024.