கடைசி வீட்டுக்கு நான் எழுதிய ரிப்போர்ட்

என் முதல் வேலை மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் டவுனில், ஒரு உரக்கடையின் மாடியில் இருந்த தனியார் கடன் கம்பெனியில். எண்பதுகளின் தொடக்கம். பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் பாரம் முடித்துவிட்டு, செத்தாலும் தேயிலைக் கொழுந்துக் கூடையை மாட்டமாட்டேன் என்று வீட்டில் நான் போட்ட சண்டை எஸ்டேட் முழுக்கக் கேட்டிருக்கும். அந்த வாய்க்கு ஏற்ற வேலைதான் என்று அப்பா சொன்னார்.

வேலைக்குப் பேர் பெரிசு: கடன் ஆய்வாளர். கடன் கேட்கிறவர் வீட்டுக்குப் போகவேண்டும். வருமானம் என்ன, வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது, கொடுத்தால் திருப்பிக் கட்டுவாரா என்று மேனேஜருக்கு எழுதித் தரவேண்டும். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடலாம்.

எவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவை! காலையில் பனி கலையுமுன் எஸ்டேட் லாரியில் தொற்றிக்கொண்டு டவுனுக்கு வருவேன். விரல் விறைத்துப்போயிருக்கும், டைப்ரைட்டர் விசை ஒன்றை அழுத்தினால் இரண்டு அமுங்கும். கீழேயிருந்து உர வாசனை தரைப்பலகை இடுக்கு வழியே ஏறிவந்து ஸ்வெட்டரில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் அந்த வாசனை எங்காவது அடித்தால் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் நகர்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

நான் தனியாக விசாரித்து எழுதிய முதல் மனு எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீட்டு மாமாவுடையது. எஸ்டேட் லாரி டிரைவர். பழைய லாரி ஒன்றை வாங்கி, கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றவேண்டும் என்பது அவர் கனவு. அத்தையின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போய், லாரியை விற்கிறவனுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. மாசக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்காது.

சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால், அடேயப்பா!

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்காவது பெண் பார்க்க வந்தால், மற்ற வீடுகளிலிருந்து நல்ல நாற்காலி, நல்ல தட்டு எல்லாம் அங்கே போய்விடும். கேட்கவே வேண்டாம், தானாகப் போகும். கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது என்றதும் அதையேதான் செய்திருந்தார்கள். நாலாம் வீட்டு டிவி, எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டு சோபா, ரெண்டு ரேடியோ, எங்கள் அம்மாவின் தையல் மெஷின். கேமரன் மலைக் குளிரில் ஒரு மேசை ஃபேன் வேறு! அதை மலையடிவாரத்துத் தாப்பாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார்களாம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாமா, இது எங்க வீட்டு மெஷின்லா," என்றேன்.

"அது நம்ம வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியுமா?" என்றாள் வாசலில் நின்ற அம்மா. "ஒண்ணு விடாம எழுது."

எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆசையோடுதான் எழுதினேன். சாமான் கூடக்கூட மாமாவின் மதிப்பு கூடும், கடன் கிடைக்கும் என்று அவர்களைப் போலவே நானும் நம்பினேன். எல்லாம் சொந்தச் சாமான் என்று வரிசையாக டைப் அடித்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் அதை ரெண்டு தரம் படித்தார். ஈப்போக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். "எஸ்டேட் டிரைவர் சம்பளத்துல இவ்வளவு சாமானா? எல்லாம் தவணையில எடுத்திருப்பான். ஏற்கெனவே கழுத்து வரைக்கும் கடன்மா இந்த ஆளுக்கு." பேனாவை எடுத்து மனுவின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஃபேனைக்கூட விடாம எழுதியிருக்க பாரு, நல்ல கண்ணு உனக்கு. மூணு மாசமெல்லாம் வேணாம், இன்னையிலிருந்து நீ நிரந்தரம்."

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அதெல்லாம் இரவல் சார், அந்த ஆளுக்குத் தவணைக் கடன் ஒரு காசு கிடையாது.' அதைச் சொன்னால் நான் பொய் ரிப்போர்ட் எழுதியது தெரிந்துவிடும். மறுநாள் கொழுந்துக் கூடைதான். ஊரையே எதிர்த்துப் பேசுகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. "தேங்க்யூ சார்," என்றேன். இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சாயங்காலம் மாமா வீட்டுக்கு நானே போனேன். சோபா போன இடம் காலியாக இருந்தது. மனு தள்ளுபடி என்றேன். சாமான் அதிகமாக இருந்ததால் நிறையக் கடன் இருப்பதாக நினைத்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். நான் வாயை மூடிக்கொண்டு நின்றதை மட்டும் சொல்லவில்லை. அத்தை தாலிக்கொடி மட்டும் கிடந்த கழுத்தைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்கதாம்மா கெடுத்துக்கிட்டோம்," என்றார். பிறகு சட்டென்று முகத்தை நிமிர்த்தினார். பதறிப்போயிருந்தார்.

"ஏம்மா, இதனால உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல மாமா. நிரந்தரமாக்கிட்டாங்க."

"அப்பாடா!" என்றார். உண்மையாகவே அவர் முகம் மலர்ந்தது. அடுப்படிப் பக்கம் திரும்பி, "கேட்டியா, புள்ளைக்கு வேலை நிரந்தரமாயிடுச்சாம், அதுக்குக் கொஞ்சம் சீனி போட்டு தேத்தண்ணி கொண்டா," என்று உரக்கச் சொன்னார்.