சந்தனமா, தந்தமா?

அடுத்த வாரம் என் தங்கை சுலைகாவுக்கு நிக்காஹ். கீழக்கரை வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்குத்தான் வாழ வருகிறார். அவர்களுக்கான அறைக்கு வர்ணம் அடிக்க வேண்டும்.

பெயிண்டர் இன்று காலை இரண்டு பலகைத் துண்டுகளில் பூசிக் காட்டினார். ஒன்று சந்தனம், மற்றது தந்தம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

சுலைகா மட்டும் இரண்டையும் ஜன்னலோரம் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தாள். பெயிண்டர் காத்திருந்தார். அவளோ எதையும் எடுக்காமல் மறுபடியும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

"என்னம்மா?" என்று அக்காவாக நான்தான் கேட்டேன்.

"அவங்களுக்கு எது பிடிக்கும்னு தெரியலையே லாத்தா. கொழும்புல இருக்கவங்க. நான் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. கல்பெல்லாம், நெஞ்செல்லாம் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். மாப்பிள்ளை நேற்றுத்தான் ஊர் வந்திருந்தார். யாரும் செய்யாத காரியம்தான்; பலகைகளை என் கணவரிடம் கொடுத்து, மாப்பிள்ளையிடமே கேட்டுவரச் சொன்னேன். அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். என்ன நினைப்பார்களோ என்று நானும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் என் கணவர் திரும்பினார். சுலைகா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"ரொம்ப நேரம் பாத்தாரு. 'ரெண்டும் ஒரே கலருதானே மச்சான், பொண்ணுக்கு எது பிடிக்குதோ அத அடிங்க'ன்னுட்டாரு."

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். பல நாட்களுக்குப் பிறகு கேட்கிறேன்.

"சந்தனமே அடிங்க" என்றாள்.

இப்போது கவலை எனக்கு. சுலைகா புதுச் சேலை கட்டி எதிரே நின்றால், அது புதுசு என்று இந்த மாப்பிள்ளைக்குத் தெரியுமா? உங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் எப்படி?