மூன்று காலும் ஒரு போல்ட்டும்

இன்று காலை என் கார் எஞ்சினில் இறுகிப்போன, பெல்ட் ஓடும் புல்லியின் மேல் மெக்கானிக் மண்ணெண்ணெய் ஊற்றினார். சூடான இரும்பிலிருந்து எழுந்த அந்த நாற்றம் என்னைச் சங்கரன்கோவிலில், திருவேங்கடம் ரோட்டில் அப்பா வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்த் தள்ளியது. இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது ஷெட்டின் நடுவே தகரம் அடித்தார்கள்; ஸ்பேனர்களை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள்; கடைசியில், புல்லியைக் கவ்வி இழுக்கும் புல்லரையும் விடவில்லை, அதன் மூன்று கால்களும் அப்பாவுக்கு, நடுவில் திருகும் போல்ட் சித்தப்பாவுக்கு. அதன்பின் இறுகிய புல்லி எந்தப் பக்கம் வந்தாலும் சுத்தியல்தான். டங் டங்கென்ற அடியும், தகரத்துக்கு அந்தப் பக்கம் சித்தப்பா காறித் துப்பும் சத்தமும், விளிம்பு உடைந்த புல்லியைக் கையில் வைத்துக்கொண்டு கத்தும் கார்க்காரர்களும்தான் என் பள்ளி விடுமுறைகள்.

"அவன்கிட்டப் போய் நிக்கதுக்குப் பதிலா கடைய இழுத்துப் பூட்டிருவேன்" என்பார் அப்பா. அப்படியே பூட்டினார். ஆறு மாதத்தில் சித்தப்பாவும் பூட்டினார்.

போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். "யக்கா, போல்ட்டு எங்கிட்டதான் கெடக்கு. ஒங்ககிட்ட இருக்க மூணு காலயும் தாங்க, ஒண்ணாச் சேத்து வச்சிருதேன்."

"நீ போல்ட்டக் கொண்டாந்து எங்கிட்டக் குடுலே" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

மெக்கானிக் தன்னுடைய புல்லரை மாட்டித் திருகினார். அரை நிமிஷத்தில் புல்லி கழன்று அவர் கையில் வந்தது.

"பாத்தீங்களா மேடம், இவ்வளவுதான்" என்று சிரித்தார்.

எனக்கு அந்த ஆளை அறையவேண்டும் போல் இருந்தது.