ஐந்தாவது கைத்தடி

நாலாவது கைத்தடியும் திரும்பி வந்தபோது நான் அடுப்பில் மணல் வறுத்துக்கொண்டிருந்தேன். பெரிய வீட்டில் வேலை செய்பவர் அதைச் சுவரில் சாத்தி வைத்தார்.

"இதுவும் சரிப்படலயாம்மா. வழுக்குதாம். வேற பண்ணச் சொன்னாரு ஐயா."

என் கணவர் உளியைக் கீழே வைத்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமலிருந்தால் வேலை என் தலையில் விழப்போகிறது என்று அர்த்தம்.

உத்திரமேரூரில் அவர் ஏரும் வண்டிச் சக்கரமும் செய்கிற தச்சர். நடுநடுவே கைத்தடியும், ஆடு மேய்ப்பவர்களுக்குக் கொக்கி வைத்த கோலும் செய்வோம். ஏரிக்கரைப் புதரிலிருந்து விடத்தலை என்னும் முள்மரத்தின் கொம்பை வெட்டி வந்து முள் சீவுவது அவர் வேலை. பிடியை வளைப்பது என்னுடையது. பச்சைக் கொம்பின் நுனியைச் சுடுமணலில் புதைத்து, இளகியதும் எடுத்து, பலகையில் அடித்த முளையைச் சுற்றி ஒரே மூச்சில் வளைத்துக் கயிற்றால் கட்ட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் விரிசல் விட்டுவிடும். மூன்று கொம்பு வளைத்தால் ஒன்று தேறும். அந்தச் சித்திரையில் என் வலது மணிக்கட்டு வீங்கிப்போய், எருக்கிலையை வாட்டிக் கட்டிக்கொண்டு வளைத்தேன்.

பெரிய வீட்டு ஐயா விடியுமுன் கழனிக்குப் போய்விடுகிறவர். தை மாதம் களத்தில் நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பியது. கால் பாதிதான் திரும்பியது. தடி ஊன்றி நடக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். முதல் தடி நீளம் என்றார் ஐயா, அறுத்துக் கொடுத்தோம். அப்புறம் கட்டையாகிவிட்டது என்றார். இரண்டாவது கனம், மூன்றாவது உள்ளங்கையை அறுக்கிறது.

"நானே போயி பாத்துட்டு வரேன்" என்று எழுந்தேன்.

"நீ போயி இன்னா பண்ணப் போற?"

"இன்னொரு தரம் மணல் வறுக்க என்னால முடியாது. அவரு எப்டி நடக்குறாருனு ஒரு தரம் பாக்கறேன்."

கொல்லைப் பக்கமாகப் போனேன். ஐயாவின் மனைவி அவரை மாட்டுக்கொட்டகை ஓரமாக நிறுத்தி, நான் கொண்டுபோன தடியை அவருடைய வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடியைச் சுற்றிச் சேர்த்தார். நல்ல கையான இடது கை வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டடி வைத்தார். தடி நழுவியது. அந்த அம்மா தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"பாத்தியா? இன்னா தடி பண்றீங்க?" என்றார் ஐயா.

வேறொரு நாளாக இருந்தால் சரிங்கய்யா என்று திரும்பியிருப்பேன். அன்றைக்கு எனக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை.

"தடி நல்லாத்தான் கீது, ஐயா. புடிக்கிற கைதான் தப்பு. எடது கையில ஊனுங்க."

"பீச்சாங்கையிலயா? நாலு பேரு எதிர்ல பீச்சாங்கைய நீட்டிக்கினு வரச் சொல்றியா?"

நான் எருக்கிலைக் கட்டை அவிழ்த்து மணிக்கட்டைக் காட்டினேன். "ஒரு மாசமா எனக்கும் இந்தக் கை ஆவல. பீச்சாங்கையாலதான் பசங்களுக்குச் சோறு போடறேன். அதுங்களுக்கு வயிறு ரொம்பாமயா கீது?"

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா, பயந்தாரா தெரியவில்லை. ஐயா மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீ போ" என்றார். தடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இனி அந்த வீட்டு வேலை எதுவும் நமக்கில்லை என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் அதே ஆள் வந்தார். "எடது கைக்குத் தோதா ஒண்ணு பண்ணித் தரணுமாம்."

அவர் தலை மறைந்ததும் என் கணவர் சிரித்தார். "வளைஞ்ச புடிக்கு இன்னா எடது, வலது? அந்த நாலாவதையே எண்ணெ தடவி அனுப்பிடலாம். பேஜாரு வுட்டுது."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மனிதர் இவ்வளவு இறங்கி வந்த பிறகு, வேண்டாமென்று தள்ளிய தடியை மறுபடி அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுபடி மணல் வறுத்தேன். இரண்டு கொம்பு வெடித்தது. மூன்றாவது வளைந்தது. அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஆடியில் ஐயா எங்கள் தெரு வழியாக ஏரிக்கரைக்கு நடந்து போனார். இடது கையில் தடி. அந்தக் கை தெரியாதபடி மேல்துண்டைப் போர்த்தியிருந்தார். எங்கள் வாசலைப் பார்க்கவில்லை. தெருவில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரவர்க்கு அவரவர் வேலை இருந்தது. கொஞ்ச நாளில் துண்டு தோளுக்குப் போய்விட்டது.

ஐப்பசி வாக்கில் கோயில் குளத்துப் படியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது.

"சோறும் அவரே துன்றாரு இப்ப. பீச்சாங்கையாலதான். நான் பாக்காத மாரி அந்தாண்ட திரும்பிக்குவேன்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "மத்தியானத்துல கொஞ்ச நேரம் கண்ணசர்றேன்டி" என்றார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.