ஏழாம் நம்பர் கதவு

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் வலது உள்ளங்கையில் அரை வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு இருக்கிறது. கொதிக்கிற குழாயைத் தொட்டதால் வந்தது. அந்தக் குழாயில் அப்போது பதினான்கு மாதமாகச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இதற்கு விளக்கம் சொல்லத் தெரிந்த புத்திசாலி யாராவது இருந்தால் வரட்டும், டீ போட்டுத் தருகிறேன்.

என் பெயர் டோரீன். யார்க்ஷயரில் ஹாக்லி என்ற மில் ஊர். அங்கே மில்கேட் தெருக் குளியல் கூடத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். 1901-ல் கட்டியது. கீழே பெரிய நீச்சல் குளம். மாடியில், வீட்டில் குளியலறை இல்லாதவர்களுக்காகப் பன்னிரண்டு அறைகள், அறைக்கு ஒரு தொட்டி. கூரை வரை செங்கல் சுவர், தடித்த மரக் கதவு, ஜன்னல் கிடையாது.

தண்ணீர் திறக்கும் திருகு அறைக்குள் இருக்காது. வெளியே நடையில் இருக்கும், அதற்கான பித்தளைச் சாவி என் கையில் இருக்கும். உள்ளே இருப்பவர் நம்பரைச் சொல்லிக் கத்துவார், "நாலு, சுடுதண்ணி!" நான் திருகுவேன். இருபது நிமிஷம் ஆனதும் சாவியால் கதவில் மூன்று தட்டு. பதிலுக்கு உள்ளேயிருந்து இரண்டு தட்டு வரவேண்டும். வந்தால் ஆள் மயங்கி விழவில்லை என்று அர்த்தம். நான் தட்டாமல் ஒருத்தரும் எழுந்து வரமாட்டார்கள். காசு கொடுத்து வாங்கின சுடுதண்ணீரை ஒரு நிமிஷம் முன்னால் விட்டுக்கொடுக்க எங்கள் ஊர்க்காரர்கள் என்ன கிறுக்கர்களா?

1985 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மூடினார்கள். சுவரில் விரிசலாம், கட்டடம் ஆபத்தாம். எந்தச் சுவர் என்று கேட்டோம். கடைசி வரை காட்டவில்லை. இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அன்று மாலை நாலரைக்கு நகரசபை அதிகாரி கிரிம்ஷா இரண்டு தச்சர்களோடு மாடிக்கு வந்தார். வீடில்லாதவர்கள் புகுந்து படுத்துவிடக் கூடாதாம், எல்லாக் கதவிலும் பலகை அடிக்க வேண்டுமாம்.

"மூணு பேர் இன்னும் உள்ள இருக்காங்க. தட்டிட்டு வந்துடறேன்," என்றேன்.

"நான் பாத்துக்கறேன். நீ கிளம்பும்மா."

"நான் தட்டினாத்தான் வருவாங்க, சார்."

"பாத்துக்கறேன்னு சொல்றேன்ல! காதுல விழல?"

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. ஆத்திரத்தில் பித்தளைச் சாவியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. தெருவில் நின்று பார்த்தேன். இரண்டு பேர் வெளியே வந்தார்கள். மூன்றாவது ஆள் பின்வாசல் வழியாகப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பதினான்கு மாதம் மனு, ஊர்வலம், கூச்சல். ஒன்றும் நடக்கவில்லை. 1987 ஜனவரியில், திங்கட்கிழமை இடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் பூட்டை உடைத்து உள்ளே போய் உட்கார்ந்தோம். வக்கீல் ஒன்றே ஒன்று சொன்னார்: எந்நேரமும் ஒரு ஆளாவது உள்ளே இருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் காலியானாலும் அவர்கள் புதுப் பூட்டு போட்டுவிடுவார்கள், அத்தோடு கதை முடிந்தது. நகரசபையின் நீல வேன் அதற்காகவே வாசலில் நின்றது.

வியாழக்கிழமை. என் முறை மூன்றிலிருந்து ஏழு வரை. கூட இருந்த பெரில், பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதி, மீனும் சிப்ஸும் வாங்கக் கிளம்பினாள்.

"வினிகர் நிறைய ஊத்தச் சொல்லுடி."

"தெரியும். பேய் வந்தா என் பங்கைக் குடுத்துடாதே."

சிரித்துக்கொண்டே போனாள். மணி 4.22. வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. வேனைக் கண்காணிக்க நான் டார்ச்சோடு மாடிக்குப் போனேன். நடையின் கோடி ஜன்னலிலிருந்துதான் அது தெரியும். வேன் அங்கேயே நின்றது. உள்ளே ஒருத்தன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

4.30. சோப்பு வாசனை வந்தது. நாங்கள் கொடுக்கும் சிவப்புச் சோப்பு. என் கோட்டிலிருந்து வருகிறதோ என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். இல்லை.

4.34. டங்... டங்... டங்...

குழாய் அடிக்கிற சத்தம். சுடுதண்ணீர் ஏறும்போது அப்படித்தான் அடிக்கும். எனக்குத் தெரியாத சத்தமா அது?

பிறகு, என் முதுகுக்குப் பின்னால்...

"ஏழு... சுடுதண்ணி, கண்ணு."

பத்தொன்பது வருஷப் பழக்கம். யோசிக்கவே இல்லை. கை பைக்குள் போனது, சாவியை எடுத்தது, ஏழாம் திருகில் வைத்தது, திருகியது. ஸ்ஸ்ஸ் என்று தண்ணீர் பாய்ந்தது.

அப்புறம்தான் உறைத்தது. கொதிகலனைப் போன வசந்தத்திலேயே பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். பாவிகள்.

குழாயைப் பிடித்துப் பார்த்தேன். சுரீர் என்றது. கையை உதறினேன்.

"யார்டா அது? கிரிம்ஷா அனுப்பினானா? என்னைப் பயமுறுத்தி வெளிய தள்ளப் பாக்கறீங்களா?"

டார்ச்சை அடித்தேன். ஏழாம் கதவில் பலகை அப்படியே இருந்தது. ஆணிகள் துருப்பிடித்திருந்தன. பலகை மேல் விரல்படாத தூசி.

ஓடலாம். ஓடினால் கட்டடம் போச்சு. வேன்காரன் அதற்குத்தான் காத்திருக்கிறான்.

நின்றேன்.

"தட்டவே இல்லையே, டோரீன்..."

அந்தக் குரல்...

"தண்ணி ஆறிப்போச்சு..."

ஆர்னால்டு. மில்லில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த கிழவர். காது மந்தம். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏழாம் நம்பர். ஆனால் அவர்தான் ஹல் நகரத்துத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாரே! போகப் போகிறேன் என்று வருஷக்கணக்காகச் சொன்னாரே! ஊரே அப்படித்தானே பேசிக்கொண்டது?

யாராவது அவர் போனதைப் பார்த்தோமா?

4.41. சாவியைப் பலகை மேல் வைத்தேன்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

...

டக். டக்.

பெரில் வந்தபோது மணி 4.51. என்னைப் பார்த்ததும் பொட்டலத்தைக் கீழே போட்டாள்.

"ஐயோ, கை என்னடி இப்படிக் கொப்பளிச்சிருக்கு?"

"கடப்பாரை எடு."

"எதுக்கு?"

"கேக்காதே. எடு!"

இரண்டு பேருமாகப் பலகையைப் பெயர்த்தோம். கதவைத் திறந்தேன்.

தொட்டி காய்ந்து கிடந்தது. தரையில் ஈரமே இல்லை. துண்டு அழகாக மடித்து வைத்திருந்தது. மரமுக்காலியில், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி ஆர்னால்டு உட்கார்ந்திருந்தார். அதாவது, அவரில் மிச்சமிருந்தது.

அதற்கப்புறம் திங்கட்கிழமை யாரும் இடிக்க வரவில்லை. போலீஸ் வந்தது, பத்திரிகை வந்தது, விசாரணை வந்தது. கட்டடத்தைத் தொட நகரசபைக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் திறந்தார்கள். பிள்ளைகள் இப்போது கீழே நீந்துகிறார்கள். எத்தனையோ கையெழுத்து வாங்கியும் எங்களால் முடியாததை ஒரு செத்த மனிதர் செய்ய வேண்டியிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கிரிம்ஷா கூண்டில் நின்று, எல்லா அறையையும் திறந்து பார்த்ததாகச் சத்தியம் செய்தார். பிறகு, சரியாக ஞாபகம் இல்லை என்றார். பிறகு ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊருக்குப் போய்விட்டார்.

குழாய் எப்படிக் கொதித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அது போகட்டும். விசாரணையின் கடைசி நாளில் தச்சர்களில் ஒருவர் தன் வேலைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். மூடின வெள்ளிக்கிழமைப் பக்கத்தை அழுதுகொண்டே வாசித்தார்.

"மாலை 5.10. ஏழாம் கதவு. மூணு அடி அடிச்சதும் உள்ளேருந்து ரெண்டு தட்டு கேட்டுச்சு. அதிகாரிகிட்ட சொன்னேன். குழாய் ஆறுற சத்தம், அடின்னார். மறுபடி மூணு அடிச்சேன். மறுபடி ரெண்டு தட்டு."

நான்தான் தட்டுகிறேன் என்று ஆர்னால்டு நினைத்திருக்கிறார்.