பத்துக்கு நாலு

பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'நாலுமார்க்' என்று பெயர். கணக்கு வாத்தியார். பத்து மார்க் கேள்விக்கு விடை சரியாகவே இருந்தாலும், நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் நாலுக்கு மேல் அவர் கை நீளாது. அப்படியானால் பத்து யாருக்கு என்று கேட்டால், "புத்தகம் போட்டவனுக்கு" என்பார். போட்ட மார்க்கை அவர் திருத்தியதாக இருபத்தெட்டு வருஷத்தில் சரித்திரமே கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்புளைச் சுற்றிப் பிடித்த வலி, மதியத்துக்குள் வலது அடிவயிற்றில் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மனைவி வாடகைக் கார் பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இழுத்து வந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த நர்ஸ் தலை நிமிராமலே கேட்டாள்.

"வலி எவ்வளவு சார்? பத்துக்குச் சொல்லுங்க."

பழக்கம் வாயை முந்திக்கொண்டது. "நாலு."

ஒரு பச்சை அட்டையில் நாலு என்று எழுதிக் கொடுத்தாள். "அங்க உக்காருங்க, கூப்பிடுவோம்."

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலா? கார்ல என் கையைப் பிடிச்சு நசுக்குனீங்களே, அதுவா நாலு?"

"சும்மா இரு. உயிர் போற வலிக்குத்தான் பத்து."

"உயிர் போனப்புறம் யாரு எந்திரிச்சு மார்க் போடறது?"

அவர் நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் முனகல் வந்துவிடும் போலிருந்தது.

கட்டைவிரல் வீங்கிய ஒருவன் வந்தான். "ஒம்பது!" என்று கத்தினான். சிவப்பு அட்டை கிடைத்தது. கைப்பேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே போனான்.

"பாத்துக்கங்க, பாஸாயிட்டான்" என்றாள் மனைவி.

நாற்காலிகள் ஒரே கம்பியில் கோத்தவை. வரிசையின் கோடியில் யாராவது காலை ஆட்டினால், அது வந்து இவர் வயிற்றுக்குள் ஆடியது. இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், ஒருவழியாக எழுந்தார். கண்ணாடித் தடுப்புவரை ஆறே அடிதான். அதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"அம்மா, நான் கொஞ்சம் கம்மியா சொல்லிட்டேன். ஏழுன்னு மாத்திப் போட முடியுமா?"

அவள் இப்போதும் நிமிரவில்லை. "இப்ப வந்து கூட்டிக் கேட்டா எப்படி சார்? ஆளாளுக்குக் கேட்டா நான் எங்க போறது? போட்டது போட்டதுதான்."

அவருக்குக் காது மடல் சுட்டது. அது அவருடைய வசனம். அட்சரம் பிசகாமல் அவருடையது. போன பரீட்சை முடிந்து, ஆசிரியர் அறை வாசலில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி விடைத்தாளோடு நின்றாள். "வேற வழியில போட்டிருக்கேன் சார். விடை சரிதான் சார்." அவர் அந்தத் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தாளைச் சின்னதாக மடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மதியச் சாப்பாட்டில் அதை வேடிக்கையாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தது வேறு.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்று திரும்பி வந்தார்.

"மாத்திட்டாளா?"

"மாத்தியாச்சு. ஏழு." அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டார். மறுத்துவிட்டாள் என்று சொன்னால் மனைவி போய்ச் சண்டை பிடிப்பாள். கூடமே திரும்பிப் பார்க்கும். அதைவிட வலியே தேவலை என்று தோன்றியது.

இன்னும் ஒரு மணி நேரம். பிறகு தன் சட்டையிலேயே வாந்தியெடுத்து, வரிசைக்கு முன்னால் சுருண்டு விழுந்தார். இப்போது கூடமே திரும்பிப் பார்த்தது.

ஓடி வந்த டாக்டர் வயிற்றை அழுத்தினார். "பலகை மாதிரி இருக்கே! குடல்வால் வெடிச்சிருக்கும் போல. இவ்வளவு நேரம் ஏன் சும்மா உக்கார வச்சிருந்தீங்க?"

அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து பச்சை அட்டை விழுந்தது. மனைவி எடுத்துப் பார்த்தாள். நாலு, நாலாகவே இருந்தது. அவள் திட்டியிருக்கலாம். அட்டையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வார்டில் வேறொரு நர்ஸ் வந்தாள். "இன்னைக்கு வலி பத்துக்கு எவ்வளவு சார்?"

மனைவி நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"எனக்குப் போடத் தெரியலம்மா" என்றார். "நீங்களே பாத்துப் போடுங்க."

நர்ஸ் போர்வையை விலக்கிக் குனிந்து தையலைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி, அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் பெயரை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு யோசித்தும் மார்க்தான் ஞாபகம் வந்தது.