பெரியம்மாவின் சொந்த நிறம்

பெரியப்பா அந்தப் படத்துக்குப் பொட்டு வைக்கவில்லை. விளக்கேற்றினார், பூ மாற்றினார், பெரியம்மா குடிக்கும் கெட்டிக் காப்பியை டம்ளரில் ஊற்றி முன்னால் வைத்தார். குங்குமச் சிமிழைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். மூடி வைத்துவிட்டார்.

"பொட்டு வைக்கலையா பெரியப்பா?"

"அப்புறம் பாக்கலாம்மா."

அடுத்த நாளும் அதேதான். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். சுங்கை பினாங்கில் அவர்கள் இருந்த பிளாட், நான் வேலை செய்யும் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அந்த நாட்களில் வகுப்பு முடிந்ததும் அங்கே போய்விடுவேன். வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்காலி எடுத்துப் போடுவது, வருகிறவர்களுக்குத் தேநீர் கலப்பது, அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவுவது. இடையில் கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். யாரும் பேசாத நேரம் அந்த வீட்டில் குறைவாகத்தான் கிடைத்தது.

அப்படி ஒரு நேரத்தில்தான் பெரியப்பா சொன்னார். "இது உன் பெரியம்மா மாதிரியே இல்லம்மா. டிவில செய்தி வாசிக்கிற பொம்பள மாதிரி இருக்கு. யாருன்னே தெரியாத ஆளுக்கு நான் எப்படிப் பொட்டு வைக்கிறது?"

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேடிக்கையாகப் பேசுகிறவர். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நான் எழுந்து போய்ப் படத்தைப் புகைப்படக்காரியின் கண்ணால் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் அக்கா தன் போனில் எடுத்தது. அக்கா என்றால் அவர்களுடைய ஒரே மகள், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. அந்தப் போன் முகத்தில் செய்திருந்த மாற்றங்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். தோல் வெளுத்திருந்தது. மூக்குத் தண்டு மெலிந்திருந்தது. கண்கள் கொஞ்சம் அகலம். தாடைக்குக் கீழே தொங்கும் சதை இல்லை. இடது கண்ணுக்குக் கீழே இருந்த அம்மைத் தழும்பும் இல்லை. அக்காவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது பக்கத்திலேயே படுத்திருந்து பெரியம்மா வாங்கிக்கொண்ட தழும்பு அது. இதில் எதையும் அக்கா செய்யவில்லை. காமிராவைத் திறந்தாலே அழகூட்டும் வசதி தானாக ஓடும்படி போன் கடையிலிருந்தே வந்திருக்கும்.

நான் புகைப்படம் கற்பிக்கிறவள். ஒவ்வொரு பருவத்திலும் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன். போனை எடுங்கள், காமிராவைத் திறங்கள், அழகூட்டுவதை அணையுங்கள், பக்கத்தில் இருப்பவரை ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். அந்த வாரமும் சொன்னேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி தன் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஐயோ மிஸ், இது யாரு? ஆன் பண்ணிக்கிறேனே, பிளீஸ் லா." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எத்தனையாவது தடவை சிரிக்கிறேன் என்று தெரியவில்லை. ஒளியின் திசை, நிறத்தின் வெப்பம், தோலுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று வருடம் முழுக்கப் பேசுகிறேன். தேர்வுக்கு அவர்கள் கொண்டுவரும் படங்களில் எல்லோருக்கும் ஒரே தோல்தான் இருக்கிறது.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குப் பெரிய படமாகச் சட்டம் போட வேண்டும். அக்கா அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள். "நீதானே இதுக்குன்னே படிச்சவ. அந்தப் படத்தையே கிளியர் பண்ணிப் பெரிசாக்கிக் கொடு."

பெரியப்பா சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு படம் தேடுவதில் தடையில்லை, கிடைத்தால் பார்க்கலாம் என்றாள்.

குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். படங்கள் வந்து குவிந்தன. பிறந்தநாள், தீபாவளி, தைப்பூசம், கோயில் வாசல். சிலவற்றில் பெரியம்மா வெள்ளை, சிலவற்றில் இளஞ்சிவப்பு, ஒன்றில் கன்னத்தில் முயல் மீசை. மீதியெல்லாம் கூட்டத்தில் ஓரமாக நிற்கும் தலைகள். அழகூட்டலிலிருந்து தப்பிய ஒரே படத்தில் அவர் கோழி வெட்டிக்கொண்டு குனிந்திருந்தார். பழைய ஆல்பத்தை எடுத்தேன். கல்யாணப் படத்தில் ஸ்டூடியோக்காரர் பவுடரை அப்பி, விளக்கை முகத்தில் அடித்து வெளுக்க வைத்திருந்தார். அந்தக் காலம் மட்டும் உண்மை பேசியது என்று சொல்ல வழியில்லை. பெரியப்பா தன் பர்சிலிருந்து பெரியம்மாவின் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்தது பெரியம்மாதான். ஆனால் தபால்தலை அளவு. மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கினேன். அது இல்லாத இமை முடிகளை ஒவ்வொன்றாக வரைந்து, வேறு ஒரு பெண்ணை உண்டாக்கிக் கொடுத்தது.

அப்போதுதான் என் சொந்த ஹார்ட் டிஸ்க்கை நினைத்தேன்.

நான் எதையும் அழிக்கிறவள் இல்லை. டிப்ளோமா படித்த காலத்தின் பயிற்சிப் படங்கள்கூடத் தேதி வாரியாக, பாட வாரியாகக் கிடக்கின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் கறுத்த தோலை எடுப்பது என்று ஒரு பயிற்சி உண்டு. அதை நான் செய்த அன்றைக்கு வீட்டில் இருந்தவர் பெரியம்மா. நிஜப் படங்களை எடுப்பதற்கு முன்னால், வெளிச்சத்தை அளப்பதற்காகச் சாம்பல் நிற அட்டை ஒன்றை மாடலின் கையில் கொடுத்து ஒரு படம் எடுப்போம். வேலை முடிந்ததும் மற்றவர்கள் தூக்கிப் போட்டுவிடுகிற படம். நல்ல படங்கள் என்று நான் ஆசிரியரிடம் கொடுத்தவை எல்லாம் மெருகேற்றியவை. இது மட்டும் காமிரா பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருந்தது.

பெரியம்மா தாடைக்குக் கீழே அட்டையைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பாதி திறந்து, என்னை முறைக்கிறார். என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. "என்னடி இது, போலீஸ்ல புடிச்ச மாதிரி கைல அட்டையைக் கொடுத்து நிக்க வைக்கிற? சோறு அடுப்புல இருக்கு!"

மடிக்கணினியைப் பெரியப்பாவின் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"திட்டுறா," என்றார். அவ்வளவுதான். பிறகு திரையை விட்டு நகரவில்லை.

அக்கா பின்னால் நின்று பார்த்தாள். "என்னப்பா இது? அம்மா எவ்வளவு கறுப்பா இருக்காங்க. தலைகூட வாரல. ஊரே வந்து பாக்கப் போவுது." என் பக்கம் திரும்பினாள். "அந்த இன்னொரு படம் அம்மாவே ஆசைப்பட்டு வாட்ஸ்அப்ல வச்சது. அவங்களே வச்சதை மாத்துறதுக்கு நீ யாரு?"

அவள் சொன்னது சரி. பெரியம்மா அந்தப் படத்தை என்னிடமே காட்டியிருக்கிறார். "பாத்தியா, உன் பெரிய காமிராவ விட இவ போன் நல்லா எடுக்குது" என்று சீண்டியிருக்கிறார். படம் சாட்சி என்று வகுப்பில் சொல்கிறேன். சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று அதில் இருப்பவரைக் கேட்டால், அவர் வேறு விதமாகச் சொல்லக்கூடும். இதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

பெரியப்பாதான் பேசினார். "அது வாட்ஸ்அப்ல இருக்கட்டும்மா. அத யாரும் எடுக்க வேணாம். ஊருக்குக் காட்ட அவ வச்சது. ஆனா தினம் காலைல நான் எந்திரிச்சுப் பாக்கப் போறது சுவத்துல மாட்டுறத. அது இவளா இருக்கட்டும்."

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனாலும் மறுநாள் சட்டக் கடைக்கு என்னோடு வந்தாள். லிட்டில் இந்தியாவில் பூக்கடைகளுக்கு அடுத்திருக்கும் கடை. பிரிண்டும் அங்கேயே போடுவார்கள். நான் கோப்பைக் கொடுத்து, எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே அடியுங்கள் என்றேன். கடைக்கார அண்ணன் தலையாட்டினார். வெளியே வெயில், உள்ளே மின்விசிறி, சுவர் முழுக்க மாலையில்லாத சாமிகள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து காத்திருந்தோம்.

பிரிண்ட் வந்தது. பெரியம்மா பளிச்சென்று இருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடியும் முதலிலிருந்து விளக்க வேண்டும்.

"என்ன அண்ணே இது?" என்றது அக்காவின் குரல்.

"ஏன்மா, நல்லாத்தானே வந்திருக்கு? நம்ம ஆளுங்களுக்குன்னு மெஷின்லயே கொஞ்சம் வெளுப்பு ஏத்தித்தான் வச்சிருக்கேன். இல்லன்னா திருப்பிக் கொண்டாந்து சண்டை போடுறாங்க. தோலும் நைசா வரும்."

அக்கா பிரிண்டின் இடது கன்னத்தில் விரலை வைத்தாள். "இங்க ஒரு தழும்பு இருக்கும். நேத்து லாப்டாப்ல இருந்துச்சு."

"தழும்பு எதுக்கும்மா சாமி படத்துல?"

"அது என்னால வந்தது அண்ணே. திருப்பி அடிங்க. அந்த வெளுப்பு, நைசு எல்லாத்தையும் எடுத்துட்டு அடிங்க."

"கறுப்பா வரும்மா. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"வரட்டும் லா."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

படத்தில் இருந்த சாம்பல் அட்டையை வெட்ட முடியவில்லை. வெட்டினால் தாடையும் போய்விடும். பதினாறாம் நாள் காலையில் அதன்மேல் வரும்படி மாலையைப் போட்டோம். சாம்பல் நிறத்தில் ஒரு மூலை மட்டும் சாமந்திக்கு நடுவே தெரிந்தது. வந்தவர்களில் ஒரு அத்தை படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "கடைசி காலத்துல ரொம்பக் கறுத்துட்டா போல."

"அவ எப்பவுமே அப்படித்தான்," என்றார் பெரியப்பா, திரும்பிப் பார்க்காமல்.

அவர் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணாடியில் வைத்தார். குங்குமச் சிமிழைத் திறந்தார். பெரியம்மாவின் நெற்றியில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, துண்டின் நுனியால் துடைத்தார். மறுபடியும், இந்தத் தடவை சற்று மேலே, வைத்தார்.

"இங்கதான் வைப்பா," என்று அக்காவிடம் சொன்னார். அக்கா காப்பி டம்ளரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.